மலையேறப் போகும் இளைப்பாறியோர் இறங்கவும் பழகிக்கொண்டு போகவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தைப்பொங்கல் கழிந்தால் வடக்கிலிருந்து மலைநாட்டுக்கு வான்கள் புறப்படத் தொடங்கிவிடும். முன்பெல்லாம் பள்ளிக்கூடச் சுற்றுலாக்கள்தான். இப்போது இளைப்பாறிய ஆசிரியர்கள், வங்கி, தபால், கச்சேரி உத்தியோகத்தர்கள் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து போகிறார்கள். கோயில், பூங்கா என்று நின்றுவிடாமல் காட்டுப்பாதை, தோட்டத்து றோட்டு என்றும் தேடிப் போகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், கையில் நேரம், உடம்பிலும் இன்னும் கொஞ்சம் தெம்பு. போகத்தான் வேண்டும்.

ஆனால் இந்தக் குழுக்களின் ஆயத்தமெல்லாம் ஏற்றத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. வான் இழுக்குமா, மூச்சு வாங்குமா, குளிர் தாங்குமா என்றுதான் கேட்கிறார்கள். ஏற்றத்தில் வான் இழுக்காவிட்டால் நின்றுவிடும். மூச்சு வாங்கினால் நாமும் நின்றுவிடுவோம். பிறேக் போவதும் முழங்கால் போவதும் இறக்கத்தில்தான். குடாநாட்டில் பருத்தித்துறையிலிருந்து ஊர்காவற்றுறை வரை ஓடினாலும் கியரைக் குறைத்துப் பிடிக்கவேண்டிய ஒரு சரிவு கிடையாது. இங்கே முப்பது வருடம் விபத்தில்லாமல் ஓடிய சாரதிக்கும், தினமும் காலையில் ஐந்து கிலோமீற்றர் நடக்கிற ஓய்வூதியருக்கும் இறங்கிப் பழக்கமில்லை.

முதலில் வான். ஆட்களும், பெட்டிகளும், சமைக்கிற கிடாரமும், காஸ் சிலிண்டரும் ஏற்றிய ஹயஸ் வான் ஏறத்தாழ 3 தொன் வரும். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர். கம்பளை 500 மீற்றருக்கும் குறைவு. இடையிலுள்ள ஏறத்தாழ 1400 மீற்றரை அந்த வான் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 140 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கக் காணும். அந்தச் சூட்டை யாராவது வாங்கவேண்டும். கியரைக் குறைத்துப் பிடித்தால் எஞ்சின் பெரும்பங்கை வாங்கும். ரொப் கியரில் விட்டுவிட்டு பிறேக்கை மிதித்தபடியே வந்தால் அத்தனையும் பிறேக்கின் தலையில்தான்.

எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய விதி. அதைவிட நல்ல விதி இன்னும் வரவில்லை. கியரை இறக்கம் தொடங்குமுன்னரே குறைக்கவேண்டும். வேகம் பிடித்த பிறகு குறைக்கப் போனால் கியர் விழாமல் நியூற்றலில் நின்றுவிடும். அந்த இரண்டு விநாடிதான் ஆளைக் கொல்வது. பிறேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வரவும் கூடாது. வேகம் 40ஐ எட்டினால் உறுதியாக மிதித்து 25க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிடவேண்டும். மறுபடி 40 ஆகும்வரை டிஸ்க்குக்குக் காற்றுப்பட்டு ஆற நேரம் கிடைக்கும். அடிக்கடி மிதிக்கவேண்டி வந்தால் கியர் இன்னும் ஒன்று குறையவேண்டும் என்று அர்த்தம்.

ஓட்டோ கியர் வாகனங்களை 'டி'யில் விட்டு இறங்குகிறவர்கள் அதிகம். 'எல்', 'எஸ்', '2' என்று எது இருக்கிறதோ அதற்கு மாற்றவேண்டும். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் 'பி' (B) என்று ஒன்று இருக்கும். யாழ்ப்பாணத்தில் அதைத் தொடவேண்டிய தேவையே வராததால் பலருக்கு அது எதற்கென்று தெரியாது. நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால், மீள்சார்ஜ் ஆவதால் கிடைத்துவந்த தடுப்புக் குறைந்துபோகும். 'பி'யில் போட்டால் எஞ்சினே சுழன்று தடுக்கும்.

நியூற்றலில் விட்டு, சிலவேளை எஞ்சினையும் நிறுத்தி, எண்ணெய் மிச்சம் பிடிக்கிற பழக்கம் எங்களூர்ச் சாரதிகள் சிலருக்கு உண்டு. எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிறேக் கல்லாக இறுகிவிடும். பவர் ஸ்ரியரிங்கும் போய்விடும். மிச்சம் பிடிப்பதாக நினைப்பதும் பிழை. இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எண்ணெய் பாய்ச்சுவதையே நிறுத்திவிடும். நியூற்றலில்தான் சும்மா ஓடுவதற்கு எண்ணெய் குடிக்கும்.

புறப்படுவதற்கு ஒரு கிழமை முன் கராச்சில் பார்க்கவேண்டியவை சில உண்டு. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். புதிய டொட் 3 ஒயில் 205 பாகையில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியது 140 பாகையிலேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகி, பெடலை மிதித்தாலும் குமிழிதான் அமுங்கும், பிறேக் பிடிக்காது. கடற்காற்றடிக்கிற எங்களூரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். உப்புக்காற்றில் வண்டிக்கு அடியில் போகும் பிறேக் குழாய்களும் துருப்பிடிக்கும்; வண்டியை உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவது இங்கே சர்வசாதாரணம். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் இருப்பவை. கேத்திலின் உள்ளே படியும் அதே வெள்ளைக் காவி ரேடியேற்றர் குழாய்களிலும் படிகிறது. சமதரையில் அது தெரியவராது. இறம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியரில் அரைமணித்தியாலம் ஏறும்போது சூட்டுமுள் மேலே போகும்போதுதான் தெரியும். வடிநீரும் கூலன்ரும் கலந்து நிரப்புங்கள். கொதித்துவிட்டால் மூடியைத் திறக்காமல், எஞ்சினை நிறுத்தி, அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள்.

ரயரில் பூ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. கொஞ்சமாக ஓடுகிற வண்டியில் ரயர் தேயாது, ஆனால் காய்ந்து வெடிக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. ஆறு வருடம் கடந்ததை மலைக்குக் கொண்டுபோகவேண்டாம். இதைக் கேட்டால் வான்காரர் முகம் சுளிப்பார். சுளித்தால் வேறு வான் பாருங்கள்.

இறக்கத்தில் எரிந்த வாடை வந்தாலோ, பெடல் வழமையைவிடக் கீழே போனாலோ உடனே ஒதுக்கி நிறுத்தவேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணும், வெடிக்கவும் கூடும். கைபிறேக்கை மட்டும் நம்பாமல் வண்டியைக் கியரில் போட்டு, சில்லுக்குக் கீழ்ப்பக்கம் கல் வைத்து, அரைமணி நேரம் தேத்தண்ணீர் குடியுங்கள். சாரதி வேண்டாம் என்றாலும் நீங்கள் இறங்கிவிடுங்கள்.

இதையெல்லாம் விரித்து எழுதக் காரணமுண்டு. 2023 ஜனவரி 20 மாலை நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலைச் சுற்றுலா பஸ்ஸொன்று வானிலும் ஓட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 செப்ரெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இரண்டும் இறக்கமான வீதிகள். கைபேசி வரைபடம் தூரத்தையும் நேரத்தையும்தான் பார்க்கும், சரிவைப் பார்க்காது. தலவாக்கலைப் பக்கம் இறங்க ரதல்ல குறுக்கு வீதியைக் காட்டினால் கேட்கவேண்டாம். நீளமானாலும் பிரதான வீதியிலேயே போங்கள். பொழுதுபட்ட பிறகு மலை இறங்குவதில்லை என்ற விதியைக் குழு புறப்படுமுன்னரே எல்லோருமாகப் பேசி முடிவுசெய்யவேண்டும். இல்லாவிட்டால் 'இன்னும் ஓரிடம்தானே' என்கிற ஒருவர் எந்த வானிலும் இருப்பார்.

யாழ்ப்பாணத்து வானை மலைக்குக் கொண்டுபோவதே தேவையில்லை என்பதும் எங்கள் கருத்து. பஸ்ஸில் மாத்தளைக்கோ கண்டிக்கோ போய், அங்கே அந்த றோட்டுகளிலேயே ஓடிப் பழகிய சாரதியோடு வாகனம் பிடிப்பது காசுக்கும் உயிருக்கும் நல்லது. பத்து மணித்தியாலம் ஓடிக் களைத்துவந்த சாரதி மாலையில் வளைவுகளைத் தொடங்கும் கொடுமையும் தவிரும்.

எங்கே போவது? நாலு நாளில் பதினைந்து இடம் என்கிற பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஓரிடத்தில் மூன்று இரவு தங்கி, ஒருநாள் நடந்து மறுநாள் றோட்டில் சுற்றிப் பார்ப்பதுதான் இந்த வயதுக்குச் சரிவரும்.

யாழ்ப்பாணத்துக்குக் கிட்டிய நல்ல ஒத்திகை மிகிந்தலை. இருநூறு கிலோமீற்றருக்குள், ஏ9 வீதிக்குப் பக்கத்திலேயே. மொத்தம் 1840 படிகள். அகலமான, தாழ்ந்த கருங்கற்படிகள். பாதிவரை வாகனம் போகும், ஆனால் ஒத்திகைக்குப் போகிறவர் அடியிலிருந்து ஏறவேண்டும். இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். அங்கே வலித்தால் சிவனொளிபாதத்தைப் பற்றி இந்த வருடம் யோசிக்கவேண்டாம். மேலே சப்பாத்தைக் கழற்றவேண்டும். பத்து மணிக்குப் பிறகு பாறை கொதிக்கும். நீரிழிவால் பாதம் மரத்தவருக்குச் சுடுவது தெரியாது, பொக்களம் வந்தபிறகுதான் தெரியும். காலை எட்டு மணிக்கு முன் ஏறி முடிக்கவேண்டும், அல்லது தடித்த மேஸ் போடவேண்டும். 766 மீற்றர் உயரமான ரிட்டிகலையும் வழியில்தான் இருக்கிறது. அது கடுங்காப்பு வனம். தொல்பொருள் இடிபாடுகள் வரைதான் பார்வையாளருக்கு அனுமதி, உச்சிக்கு இல்லை.

அடுத்து, எங்கள் கணக்கில் வடக்கிலிருந்து போகிறவருக்கு மிகப் பொருத்தமானது மாத்தளை – இரத்தோட்டை – றிவஸ்டன் வீதி. கண்டி நெரிசலுக்குள் போகவே தேவையில்லை. மாத்தளையிலிருந்து சுமார் 30 கிலோமீற்றரில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேட்டில் நிற்கலாம். அங்கிருந்து கீழிறங்கினால் பிட்டவல பத்தனை. பாறைமேல் மெல்லிய மண்ணில் படர்ந்த புல்வெளி, ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த நடை, முடிவில் செங்குத்தான விளிம்பு. அந்த விளிம்பில் கம்பிவேலியை நம்பி நிற்கக்கூடாது. காற்று ஆளைத் தள்ளும், நனைந்த புல் வழுக்கும். நக்கிள்ஸின் கிழக்குப் பக்கம் ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுறைக்குப் போகும் றோட்டு வேறு கதை. ஒடுங்கியது, எதிரே வாகனம் வந்தால் பின்னுக்கு எடுக்கவேண்டியது. பெரிய வானை விட்டுவிட்டு அந்த ஊரார் ஓட்டும் வாகனத்தில் போங்கள்.

நுவரெலியாவில் தங்குகிறவர்கள் பிதுருதலாகலை (2524 மீற்றர்) பக்கம் ஆசையாகப் பார்ப்பார்கள். அதை நடந்து ஏற விடமாட்டார்கள். அதற்குப் பதிலாக தொட்டுப்பொல கந்த. 2357 மீற்றர், நாட்டின் மூன்றாவது உயரம், ஆனால் பட்டிப்பொல வாசலால் ஹோட்டன் சமவெளிக்குள் போகும் வீதியே உயரத்தில் இருப்பதால் நடந்து ஏறவேண்டியது கொஞ்சம்தான். ஹோட்டன் சமவெளிச் சுற்றுப்பாதை 9.5 கிலோமீற்றர். காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போதே நிற்கவேண்டும். ஒன்பது பத்து மணிக்குப் பிறகு, உலக முடிவு எனப்படும் செங்குத்து விளிம்பில் வெறும் வெள்ளைப் புகார்தான் தெரியும். பொலித்தீன் சுற்றிய எதையும் உள்ளே விடமாட்டார்கள். சாப்பாட்டை வாழையிலையிலோ ரிபன் பெட்டியிலோ கொண்டுபோங்கள். பொரிவிளாங்காய், எள்ளுருண்டை, கச்சான் போதும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் அங்கே உறைபனி விழும். உயரம் 1000 மீற்றர் கூடினால் வெப்பம் ஆறு பாகைக்கு மேல் குறையும் என்று கணக்கு வைத்து உடுப்பு எடுங்கள்.

சிவனொளிபாதமலை 2243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறத்தாழ 5500 படிகள், 1000 மீற்றர் ஏற்றம். மேல்மாடி வீட்டுப் படிகளை முந்நூற்றுச் சொச்சம் தடவை ஏறி இறங்குவதற்குச் சமன். மார்கழிப் பூரணையிலிருந்து வெசாக் வரைதான் பருவகாலம். மற்ற மாதங்களில் விளக்கும் இல்லை, கடையும் இல்லை. அறுபத்தைந்து கடந்தவர்கள் சூரிய உதயத்தை விட்டுவிடவேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். இரவு முழுக்க ஏறி, நித்திரையின்றி, வேர்வை காய்ந்து நடுங்கி, களைத்த கால்களோடு அத்தனை படிகளையும் இறங்குவதைவிட, காலை ஐந்து மணிக்கு ஏறத் தொடங்கி வெளிச்சத்திலேயே இறங்கி முடிப்பது நல்லது. போயா நாளும் சனி ஞாயிறும் வேண்டாம். மேலே வரிசையில் மணிக்கணக்காக நிற்கவேண்டி வரும்.

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ நடைபாதையும் இப்போது உண்டு. 22 பகுதிகள், மொத்தம் 300 கிலோமீற்றர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தகத் தேயிலையைத் தொடங்கிய லூல்கந்துர, ஹட்டன், பொகவந்தலாவை எல்லாம் அந்த வழியில் வரும். ஒரு பகுதி முழுவதையும் ஒரே நாளில் நடக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பாதியில் றோட்டைச் சந்திக்கும் இடத்துக்கு ஓட்டோவை வரச்சொல்லலாம்.

நேரக்கணக்குக்கு: சமதரையில் மணிக்கு 3 கிலோமீற்றர், ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலதிகமாக ஒரு மணித்தியாலம். இறக்கத்துக்கு நேரத்தைக் குறைக்கவேண்டாம். முதியவருக்கு ஏற்றத்தைப் போலவே இறக்கமும் எடுக்கும். எங்கே நின்றாலும் திரும்பும் நேரம் என்று ஒன்றை முதலே குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது பகல் 11 மணி, ஏனென்றால் மழை பின்னேரத்தில்தான் வரும்.

காலம் பற்றி எங்களுக்கு ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. யாழ்ப்பாணத்தில் வானம் வெளித்திருந்தால் எல்லா இடமும் வெளித்திருக்கும் என்று நினைக்கிறோம். வைகாசி முதல் ஆவணி வரை இங்கே மண்ணை வாரி அடிக்கிற சோழகக் காற்று, மலையின் மேற்குச் சரிவில் முட்டித் தன் ஈரத்தையெல்லாம் ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் கொட்டுகிறது. அதே மாதங்களில் மலையைத் தாண்டிக் காய்ந்து இறங்குவதால் பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல பக்கம் வெயில். ஆகவே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை போகிறவர் ஊவாப் பக்கம் போகலாம். ஹட்டன், நுவரெலியாவுக்குத் தை கடைசியிலிருந்து பங்குனி வரை. ஒக்ரோபர், நவம்பரில் எந்தப் பக்கமும் வேண்டாம். இடியும் புயலும் அந்த மாதங்களில் அதிகம்.

இனி முழங்கால். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கவேண்டும். சமதரை நடை இந்த வேலையைத் தசைக்குப் பழக்குவதில்லை. பழகாத தசை அன்றைக்கு நோகாது. இரண்டாம் நாள்தான் கட்டிலிலிருந்து எழும்ப விடாது. அதனால் இரண்டு பெரிய நடையை அடுத்தடுத்த நாளில் வைக்கக்கூடாது. புறப்படுவதற்கு ஆறு முதல் எட்டுக் கிழமை முன்பே தொடங்கவேண்டிய பயிற்சிக்கு விறாந்தைப் படி ஒன்று போதும். அரையடி உயரமான படியின் விளிம்பில் ஒரு காலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, நான்கு எண்ணும்வரை மெதுவாக மற்றக் குதிக்காலை நிலத்தில் தொடுங்கள். பாரத்தைப் போடாமல் திரும்ப எழும்புங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, மூன்று சுற்று, கிழமைக்கு மூன்று நாள். முழங்கால் உள்பக்கம் சரியாமல் கால்விரலுக்கு நேரே நிற்கவேண்டும். வலித்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள்.

கைத்தடி ஒன்றல்ல, இரண்டு. பிடித்து நின்றால் முழங்கை செங்கோணமாக மடங்கும் உயரம். இறங்கும்போது அதைவிட ஐந்து முதல் பத்து சென்ரிமீற்றர் நீளம். காலை வைக்குமுன் தடி கீழ்ப்படியில் ஊன்றியிருக்கவேண்டும்.

சப்பாத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லவேண்டும். பிள்ளைகள் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அனுப்பிய விலை கூடிய மலைச் சப்பாத்து, 'பழுதாகிவிடும்' என்று பெட்டியோடு அலுமாரியில் ஐந்தாறு வருடம் இருக்கும். அது போடாமல்தான் பழுதாகிறது. அடித்தட்டுக்கும் மேல்தோலுக்கும் இடையிலுள்ள பொலியூரத்தேன் என்ற மெத்தைப் பகுதி எங்கள் ஊர் ஈரத்திலும் வெக்கையிலும் தானாகவே சிதையும். வெளியில் புத்தம் புதுசாகத் தெரியும். முதல் இரண்டு கிலோமீற்றரில் அடித்தட்டு முழுதாகக் கழன்று கையில் வரும். பெருவிரலால் அந்தப் பகுதியை அழுத்திப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ, தூள் உதிர்ந்தாலோ, ஒட்டும் பசைபோல இருந்தாலோ விட்டுவிடுங்கள். நல்லதென்றாலும் இரண்டு கிழமை இங்கேயே போட்டு நடந்த பிறகு கொண்டுபோகவேண்டும். பையில் ஒரு சுருள் பலமான ரேப்பும் நைலோன் கயிறும் இருந்தால் கழன்றதைக் கட்டிக்கொண்டு றோட்டுவரை வரலாம். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கிடை இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் முட்டிக் கறுக்கும். இறங்கத் தொடங்குமுன் கணுக்காலடியில் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள்.

அட்டை கடிப்பது ஆபத்தில்லை. ஆனால் அஸ்பிரின், குளோப்பிடோகிறெல், வார்பரின் எடுப்பவருக்கு இரத்தம் சீக்கிரம் நிற்காது. அட்டையும் இரத்தம் உறையாமல் ஒரு சுரப்பை விடுகிறது, குளிசையும் சேர்ந்துவிடும். சுத்தத் துணியால் இடைவிடாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்க்கக்கூடாது. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை மேஸ் தைப்பித்து, சப்பாத்துக்குள் விட்டுக் கட்டினால் பெரும்பாலும் ஏறாது. உப்பை ஒரு துணிப்பொட்டலத்தில் நனைத்து வைத்திருங்கள். பிடித்து இழுக்காமல், நகத்தால் வாய்ப்பக்கம் சுரண்டி எடுங்கள்.

நீரிழிவுக்குக் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் நடைநாளின் அளவைப் பற்றிக் கேட்டுவிட்டே போகவேண்டும். நடக்கும்போது சீனி சடுதியாக இறங்கும். கைநடுக்கம், குளிர்வேர்வை, காரணமில்லாத கோபம் வந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் இருப்பு, தேவையானால் மறுபடி. பிஸ்கற் அந்த வேகத்தில் வேலை செய்யாது. இன்சுலினை வெயிலில் நிற்கும் வானில் விட்டுப் போகவேண்டாம். இரத்த அழுத்தத்துக்கு அற்றினோலோல், பிசோப்ரோலோல் எடுப்பவருக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. ஆகவே நாடியை நம்பாமல், பக்கத்திலிருப்பவரோடு முழு வசனம் பேசமுடிகிறதா என்று பாருங்கள். பேசமுடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. நெஞ்சு இறுகினால் இலவச அம்புலன்ஸ் 1990. எங்கே நிற்கிறோம் என்று சொல்லத் தெரியவேண்டும். கடைசியாகக் கண்ட கிலோமீற்றர் கல்லின் இலக்கத்தையும் தோட்டத்தின், பிரிவின் பெயரையும் மனதில் வைத்திருங்கள்.

தோட்டத்து றோட்டுகள் கொழுந்து லொறிக்காகப் போட்டவை, பொது வீதியல்ல. கேற்றில் நிற்கும் காவலாளியிடமோ தோட்ட அலுவலகத்திலோ கேட்டுவிட்டே உள்ளே போகவேண்டும். றோட்டோரத்தில் தண்ணீர் வடிய வெட்டிய ஆழமான கான் இருக்கும், அதன்மேல் புல் மூடியிருக்கும். எதிரே வரும் லொறிக்கு ஒதுங்கிச் சில்லைக் கானுக்குள் விடுவதுதான் அங்கே அடிக்கடி நடப்பது. ஒதுங்குமுன் ஒருவர் இறங்கிக் காலால் தட்டிப் பாருங்கள். ஏறிவருகிற வாகனத்துக்கு இறங்குகிறவர் வழிவிடுவது முறை. குளவிக்கூடுகள் தேயிலைப் பற்றைக்குள்ளும் மரக்கிளையிலும் இருக்கும். கொழுந்து பறிப்போர் குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போகும் செய்தியை உங்கள் பத்திரிகையே கிழமைதோறும் போடுகிறது. சென்ற் பூசவேண்டாம், கிளைகளில் தடியால் தட்டவேண்டாம். கிளம்பிவிட்டால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு விலகி ஓடுங்கள்; பல இடத்தில் கொட்டினால் உடனே வைத்தியசாலை.

வழி கேட்பதற்குத் தயங்கவேண்டாம். அங்கே எங்கள் மொழியில்தான் பதில் வரும். மாத்தளைவரை நாங்கள் குளிரூட்டிய வானில் போகும் வீதியின் ஒரு பகுதி, தோட்டத்து மக்களின் முன்னோர் மன்னாரில் இறங்கி நடந்து, பலர் வழியிலேயே மாண்ட பாதை. லயத்து வாசலில் நின்று உள்ளே படம் பிடிப்பதும், பிள்ளைகளுக்கு ரொபி எறிவதும் எங்களவர் செய்யும் காரியங்கள், வேண்டாம். எங்களூரில் சிலர் வாயில் இன்னும் வருகிற அந்தப் பழைய வசைச்சொல்லையும் வவுனியாவைத் தாண்டுமுன் துப்பிவிட்டுப் போகவேண்டும்.

கடைசியாக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் சரிந்த மலைகள் பல இன்னும் இறுகவில்லை. வழமையாகத் தாங்கும் மழையை அந்தச் சரிவுகள் இனித் தாங்குமென்று நம்பமுடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று மட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வெளியிடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை முதல் மட்டம், 100 இரண்டாவது, 150 என்றால் வெளியேறவேண்டிய மட்டம். மஞ்சள் என்றாலே நடைபாதையையும் குறுக்கு றோட்டையும் விட்டுவிடவேண்டும். செம்மஞ்சள் என்றால் பயணத்தையே ஒத்திவைக்கவேண்டும். றோட்டில் புதிய வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், தெளிந்து ஓடிய ஊற்று திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, இவற்றைக் கண்டால் திரும்பிவிட்டு 117க்கு அறிவியுங்கள்.

வடக்கிலிருந்து புறப்படும் குழுக்கள் பெரும்பாலும் வெள்ளி இரவு கிளம்புகின்றன. இந்த நான்கு மாவட்டங்களின் எச்சரிக்கை மட்டத்தையும் மூடிய வீதிகளின் பெயர்களையும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சிறு கட்டமாக, இராசிபலனுக்குப் பக்கத்திலாவது, போட்டு உதவுங்கள். இராசிபலனைப் பார்க்காமல் எங்களவர் வெளிக்கிடமாட்டார்கள். பக்கத்தில் இருந்தால் அதுவும் கண்ணில் படும்.

இங்ஙனம்,
இளைப்பாறிய தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரும்
இளைப்பாறிய தாதிய உத்தியோகத்தர் ஒருவரும்,
கோண்டாவில்.